போர்க்காலக் கதைகளை எப்படிக் கேட்பது?

இரண்டாம் உலகப் போர் பற்றிப் பேச்சு எழுந்தால் யாராவது ஒருவர் இந்தக் கதையைச் சொல்லிவிடுவார். குண்டு வீசப் போன விமானங்கள் உடம்பெல்லாம் ஓட்டையோடு திரும்பி வருகின்றன. எங்கே ஓட்டை அதிகம் என்று ராணுவத்தார் எண்ணுகிறார்கள். இறக்கையில் நிறைய, நடு உடம்பில் நிறைய, என்ஜின் பக்கம் குறைவு. 'சரி, இறக்கைக்குக் கவசம் போடுவோம்' என்கிறார்கள். அப்போது ஒரு கணக்கு வாத்தியார் எழுந்து, 'ஓட்டை இல்லாத இடத்தில் போடுங்கள். அங்கே அடிபட்ட விமானம்தான் திரும்பி வரவே இல்லையே' என்கிறார்.

அந்தக் கணக்கு வாத்தியார் நிஜ மனிதர்தான். பெயர் ஆபிரகாம் வால்ட். 1902-ல் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் பிறந்த யூதர். 1938-ல் ஆஸ்திரியா நாஜிகள் கைக்குப் போனதும் அமெரிக்காவுக்குத் தப்பினார். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் போருக்கென்று அமைத்திருந்த புள்ளியியல் குழுவில் வேலை பார்த்தார். திரும்பி வந்த விமானங்களின் சேதத்தை வைத்து, எங்கே அடிபட்டால் விமானம் விழும் என்று கணிக்கும் வழியை 1943-ல் குறிப்புகளாக எழுதினார். ஆனால் அந்தக் குறிப்புகளில் இருப்பது பக்கம் பக்கமாகச் சமன்பாடுகள். மேஜையைச் சுற்றி நின்ற தளபதிகளும், எழுந்து ஒரே வரியில் மடக்கிய வாத்தியாரும் அதில் இல்லை. சிவப்புப் புள்ளி வைத்த விமானப் படம் ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறதே, அதுவும் ரொம்பப் பிந்தி, விளக்கத்துக்காக யாரோ வரைந்தது.

(ஒரு கொசுறு. இந்தியாவில் சொற்பொழிவாற்ற வந்திருந்த வால்ட், 1950 டிசம்பரில் நீலகிரி மலையில் விமானம் மோதி இறந்தார். விமானக் கதையின் நாயகன் விமான விபத்தில் சாவது யாரோ கட்டிவிட்டது போலத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது.)

போர்க்காலத் துணுக்கு என்றால் என்ன என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. உள்ளே ஒரு நிஜச் சம்பவம் இருக்கிறது. சொல்லிச் சொல்லி அது வழுவழுப்பாகிவிட்டது. ஒரு மூச்சில் சொல்லிவிடலாம், கடைசியில் ஒரு 'அட!' கிடைக்கும். அதோடு கதையே தன்னைப் படிக்கும் முறையையும் சொல்லித் தருகிறது. நம் காதுக்கு வந்து சேரும் போர்க்காலக் கதைகள் எல்லாம் திரும்பி வந்த விமானங்கள். வராதவை வேறு எங்கோ விழுந்து கிடக்கின்றன.

எளிதாகத் தொடங்குவோம். 1939 செப்டம்பரில் பிரிட்டனில் இருட்டடிப்பு வந்தது. எதிரி விமானத்துக்கு வெளிச்சம் தெரியக்கூடாது என்று தெருவிளக்கெல்லாம் அணைக்கப்பட்டது, ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி ஏறியது, கார் விளக்குக்கு மூடி போட்டார்கள். அந்தக் காலத்து மனிதர்கள் பின்னால் சொன்ன கதைகளில் பாதி சிரிப்புக் கதை. கம்பத்தில் முட்டிக்கொண்டு கம்பத்திடமே மன்னிப்புக் கேட்டவர், இருட்டில் அடுத்த வீட்டுக்குள் நுழைந்தவர், இப்படி. கார் மோதாமல் இருக்க மாட்டின் மேல் வெள்ளைப் பட்டை அடித்த விவசாயிகள் கூட உண்டு, அதற்குப் புகைப்படமே இருக்கிறது. கேட்டால் அது ஏதோ ஊர் முழுக்கக் கண்ணாமூச்சி ஆடிய காலம் போலத் தோன்றும். ஆனால் அந்த முதல் மாதத்தில் சாலையில் செத்தவர்கள் முந்தைய ஆண்டின் அதே மாதத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. நகரங்கள் மேல் குண்டே விழத் தொடங்காத நேரம் அது. 1940 பிப்ரவரியில் ஊருக்குள் இரவு வேகத்தை மணிக்கு 20 மைலுக்குக் குறைக்க வேண்டி வந்தது. கம்பத்தில் முட்டியவர் வீட்டுக்கு வந்து கதை சொன்னார். பேருந்தில் அடிபட்டவர் சொல்லவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

இதை வைத்து, சிரிப்புக் கதை எல்லாம் பொய் என்று சொல்ல வரவில்லை. கம்பத்தில் முட்டியதும் உண்மைதான். ஒரு துணுக்கு உண்மையா பொய்யா என்பது முதல் கேள்வி. அது எந்தக் கூட்டத்திலிருந்து தப்பி வந்தது என்பது இரண்டாவது கேள்வி. நம்மில் பெரும்பாலானோர் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறோம்.

இரண்டாவது கேள்வி எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஹிரூ ஓனோடாவைச் சொல்லலாம். ஜப்பானிய ராணுவத்தின் உளவு அதிகாரி. 1944 கடைசியில் பிலிப்பைன்ஸின் லுபாங் தீவுக்கு அனுப்பப்பட்டார். 1945-ல் போர் முடிந்தது என்ற சேதியை அவர் நம்பவில்லை. மேலேயிருந்து போட்ட துண்டுப் பிரசுரங்களை எதிரியின் தந்திரம் என்று ஒதுக்கினார். உடன் இருந்த மூவரில் ஒருவர் பிரிந்து போய்ச் சரணடைந்தார், மற்ற இருவர் வெவ்வேறு வருடங்களில் சுடப்பட்டுச் செத்தார்கள். 1974 மார்ச்சில், போருக்குப் பின் புத்தக வியாபாரியாகிவிட்டிருந்த அவருடைய பழைய மேலதிகாரி நேரில் வந்து 'பணி முடிந்தது' என்ற உத்தரவைப் படித்த பிறகுதான் ஓனோடா துப்பாக்கியை ஒப்படைத்தார். துப்பாக்கி அப்போதும் சுடும் நிலையில் இருந்தது.

கேட்பவர் எல்லோரும் வாய் பிளக்கும் கதை. கடமை, பிடிவாதம், கொஞ்சம் பைத்தியக்காரத்தனம், எல்லாம் இருக்கிறது. ஆனால் அந்தத் தீவு ஆளில்லாத் தீவு அல்ல. அங்கே விவசாயிகளும் மீனவர்களும் குடியிருந்தார்கள். அந்த 29 வருடங்களில் ஓனோடாவும் கூட்டாளிகளும் தீவுக்காரர்கள் சுமார் 30 பேரைக் கொன்றதாகக் கணக்கு. மாடுகளைச் சுட்டார்கள், அறுத்து வைத்த நெல்லைக் கொளுத்தினார்கள். இந்தப் பாதியை உலகம் முழுக்கக் கொண்டுபோய்ச் சொல்ல லுபாங் விவசாயிக்கு யாரும் ஒலிபெருக்கி கொடுக்கவில்லை. ஒரே சம்பவம் ராணுவத்தின் பக்கம் நின்று சொன்னால் அதிசயம், ஊரின் பக்கம் நின்று சொன்னால் இழவு. போர்க்காலத் துணுக்கு ஒன்றைக் கேட்டால் 'இதையே எதிர்ப்பக்கத்து ஆள் எப்படிச் சொல்லியிருப்பார்' என்று யோசித்துப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிப் போனது இதைப் படித்த பிறகுதான்.

இனி, கதைகள் எங்கே பிறக்கின்றன என்று பார்க்கலாம். ராணுவத்தில் இதற்கு வேடிக்கையான சொற்கள் உண்டு. முதல் உலகப் போரில் ஆஸ்திரேலியச் சிப்பாய்களின் முகாம்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்த வண்டியின் மேல் அதைச் செய்த கம்பெனியின் பெயர் 'ஃபர்ஃபி' என்று எழுதியிருக்கும். வண்டியைச் சுற்றி நின்று தண்ணீர் பிடிக்கும்போது பேசிய ஊர்ஜிதமில்லாத சேதிக்கே ஃபர்ஃபி என்று பெயர் வந்துவிட்டது. கப்பல்காரர்கள் அதையே 'ஸ்கட்டில்பட்' என்பார்கள். அது கப்பல் தளத்தில் குடிதண்ணீர் வைத்திருந்த பீப்பாயின் பெயர். நாம் குழாயடிப் பேச்சு என்கிறோம். ஆக, தண்ணீர் பிடிக்க நிற்கும் இடத்தில்தான் உலகத்துச் செய்தி நிறுவனங்கள் எல்லாம் தொடங்கியிருக்கின்றன போல.

குழாயடிப் பேச்சு போரில் ஏன் அவ்வளவு வேகமாகப் பரவுகிறது? சிப்பாய்க்கு நாளைக்கு எங்கே போகிறோம் என்று தெரியாது, சொல்லவும் மாட்டார்கள். வீட்டிலிருப்பவர்களுக்கோ அவன் இருக்கிறானா இல்லையா என்றே தெரியாது. தகவல் இல்லாத இடத்தைக் கதை நிரப்புகிறது. 1914 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் பிரிட்டன் முழுக்க ஒரு சேதி ஓடியது. பல்லாயிரம் ரஷ்யச் சிப்பாய்கள் வடக்கே ஸ்காட்லாந்தில் வந்து இறங்கி, திரை போட்ட ரயில்களில் ராத்திரியோடு ராத்திரியாகப் பிரான்ஸ் போர்முனைக்குப் போகிறார்களாம். ஸ்டேஷனில் பார்த்தவர்கள் இருந்தார்கள். பூட்ஸில் பனி ஒட்டியிருந்ததைக் கண்டவர்களும் இருந்தார்கள், அதுவும் ஆகஸ்ட் மாசத்தில்! உண்மையில் ஒரு ரஷ்யன்கூட வரவில்லை. ஸ்காட்லாந்தின் 'ராஸ்-ஷயர்' ஊர்க்காரச் சிப்பாய்களிடம் 'எந்த ஊர்?' என்று கேட்டு, பதில் 'ரஷ்யா' என்று காதில் விழுந்திருக்கும் என்பது ஒரு விளக்கம். அரசு அறிக்கை விட்டு மறுத்த பிறகும் சிலர் 'மறுக்கிறார்கள் என்றால் ஏதோ இருக்கிறது' என்றார்கள். எனக்குப் பிடித்த பகுதி இதற்கு அடுத்தது. கார்ல் லோடி என்ற ஜெர்மன் உளவாளி இதை நம்பித் தன் ஆட்களுக்குக் கடிதம் எழுதினார். அவருடைய கடிதங்களைப் பிரித்துப் படித்துக்கொண்டிருந்த பிரிட்டிஷ் உளவுத்துறை மற்றவற்றைப் பிடித்து வைத்துவிட்டு, இந்த ஒன்றைச் சந்தோஷமாகப் போக விட்டது. நவம்பரில் லண்டன் கோபுரத்தில் லோடி சுட்டுக் கொல்லப்பட்டார்.

இங்கே வதந்தியைப் பொறுக்கி எடுத்துப் பயன்படுத்தினார்கள். சில கதைகள் அரசாங்கமே அடித்துவிட்டவை. கேரட் தின்றால் இருட்டில் கண் தெரியும் என்பது அதில் பேர்போனது. 1940-41-ல் பிரிட்டிஷ் இரவு விமானிகள் ஜெர்மன் விமானங்களை வீழ்த்தத் தொடங்கினார்கள். காரணம் விமானத்துக்குள் பொருத்திய ரேடார், அது ரகசியம். அதனால் ஜான் கன்னிங்ஹாம் போன்ற விமானிகளுக்குப் 'பூனைக்கண்' என்று பட்டம் சூட்டிப் பத்திரிகைகள் கொண்டாடின, கேரட் மகிமையும் கூடவே வந்தது. சர்க்கரைக்கும் வெண்ணெய்க்கும் ரேஷன் இருந்த நாட்டில் கேரட் தாராளமாக விளைந்ததால், உணவு அமைச்சகமும் அதைத் தலையில் வைத்து ஆடியது. வைட்டமின் ஏ குறைந்தவருக்கு மாலைக்கண் வரும், அவருக்குக் கேரட் உதவும். நன்றாக இருப்பவருக்குப் பூனைக்கண் முளைக்காது. போர் முடிந்து இத்தனை வருடமாகியும் பெற்றோர்கள் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

தமிழிலும் இப்படி ஒரு மிச்சம் உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டு மறைந்தது. நவம்பரில் கோகோஸ் தீவருகே கப்பலின் கதை முடிந்தது. ஆனால் 'அவன் சரியான எம்டன்' என்ற பேச்சு நிலைத்துவிட்டது. சம்பவம் தேய்ந்து ஒரே ஒரு சொல்லாகிவிட்டால் அதில் கப்பலும் தெரியாது, எரிந்த எண்ணெயும் தெரியாது.

குழாயடியில் பிறந்தவை இவை. கடிதத்தில் வந்தவற்றை நம்பலாம் என்றால், அங்கே வேறொரு சல்லடை உண்டு, தணிக்கை. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு அச்சடித்த அட்டை ஒன்று கொடுத்தார்கள். 'நான் நலம்', 'மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருக்கிறேன்', 'உன்னிடமிருந்து வெகுநாளாகக் கடிதம் இல்லை' என்கிற மாதிரி வரிகள் அதில் இருக்கும். வேண்டாததை அடித்துவிட்டுத் தேதியும் கையெழுத்தும் போட வேண்டும். வேறு ஏதாவது ஒரு சொல் சேர்த்தால் அட்டை அழிக்கப்படும் என்று அதிலேயே எச்சரிக்கை. 'பயமாக இருக்கிறது' என்று ஒரு வரி அதில் இல்லை. முழுக் கடிதம் எழுதினால் தன் அதிகாரியே அதைப் படிப்பார் என்று சிப்பாய்க்குத் தெரியும். அப்புறம் அவன் எதை எழுதுவான்? எலி தன் ரொட்டியைத் தூக்கிக்கொண்டு போனதை எழுதுவான். போர்முனையிலிருந்து வந்த கதைகளில் எலியும் சேறும் மோசமான சாப்பாடும் இவ்வளவு இடம் பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பிரான்ஸில் போரிட்ட இந்தியச் சிப்பாய்கள் இதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். ஊருக்கு எழுதும்போது 'கருமிளகு' என்றால் இந்தியச் சிப்பாய், 'சிவப்பு மிளகாய்' என்றால் வெள்ளைக்காரச் சிப்பாய். கருமிளகு தீர்ந்துபோகிறது என்று எழுதினால் வீட்டில் இருப்பவருக்கு விஷயம் புரிந்துவிடும். தணிக்கைக்காரருக்கும் புரிந்துதான் இருந்தது. மொழிபெயர்த்து, இதைக் கவனியுங்கள் என்று மேலிடத்துக்கு அனுப்பினார்கள். அந்த மொழிபெயர்ப்புகள் கோப்பில் தங்கியதால்தான் மூலக் கடிதங்கள் தொலைந்த பிறகும் அந்தக் குரல்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. வாயை மூட வைத்த அதே மேஜைதான் பேச்சைப் பத்திரப்படுத்தியும் வைத்தது.

ஒரு கதை உண்மையா என்று எப்படித்தான் எடை போடுவது? 1914 கிறிஸ்துமஸ் சண்டை நிறுத்தத்தை எடுத்துக்கொள்வோம். பெல்ஜியம், பிரான்ஸ் எல்லையில் எதிரெதிர்ப் பதுங்குகுழிகளில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களும் ஜெர்மானியரும் டிசம்பர் 24 இரவு பாட்டுப் பாடி, மறுநாள் வெளியே வந்து கைகுலுக்கினார்கள் என்பது கதை. கேட்டால் நம்பவே முடியாது. ஆனால் சாட்சி மேல் சாட்சி இருக்கிறது. இரு தரப்புச் சிப்பாய்களும் அந்த வாரமே வீட்டுக்கு எழுதிய கடிதங்கள், படைப்பிரிவுகளின் நாட்குறிப்புகள், 1915 ஜனவரியில் பத்திரிகையில் வந்த புகைப்படம். பொத்தானும் புகையிலையும் மாற்றிக்கொண்டார்கள், நடுவில் கிடந்த பிணங்களைப் புதைத்தார்கள். பிணம் புதைத்ததைப் பல கடிதங்கள் சொல்கின்றன, ஆனால் கதையாகச் சொல்பவர்கள் அதை விட்டுவிட்டுக் கால்பந்துக்குப் போய்விடுவார்கள்.

அந்தக் கால்பந்துதான் சிக்கல். அங்கங்கே பந்தை உதைத்ததற்குக் கடிதங்கள் உண்டு. ஆனால் ஜெர்மானியர் 3-2 என்று ஜெயித்த ஆட்டம் என்பதைத் தேடிப் போனால், 1915 ஜனவரி 1 அன்று லண்டன் டைம்ஸில் வந்த ஒரு ராணுவ மருத்துவ அதிகாரியின் கடிதத்தில் வந்து நிற்கிறது. அவர் சொல்வதும் இன்னொரு படைப்பிரிவு ஆடியது பற்றி. தான் பார்த்ததாக அல்ல. இந்த வித்தியாசம் கண்ணில் பட்டுவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. 'நான் கை குலுக்கினேன்' என்று எழுதுபவர் ஒரு ரகம், 'பக்கத்துப் பட்டாளம் மேட்ச் ஆடியதாம்' என்று எழுதுபவர் வேறு ரகம். அந்த 'ஆம்' விகுதியைத் தமிழ் தெளிவாகவே காட்டிவிடுகிறது, நாம்தான் மறுபடி சொல்லும்போது அதைக் கழற்றிவிடுகிறோம்.

இன்னொன்றும் உண்டு. அந்தக் கிறிஸ்துமஸை 'ஒரே ஒரு நாள் அதிசயம்' என்று சொல்வது அழகாக இருக்கிறது, ஆனால் போர்முனையின் அமைதியான பகுதிகளில் இப்படிப்பட்ட விட்டுக்கொடுத்தல் வேறு நாட்களிலும் இருந்தது. காலைச் சாப்பாட்டு நேரத்தில் சுடுவதில்லை. சாப்பாடு தூக்கி வருபவர்களைத் தொடுவதில்லை. பீரங்கி அடித்தே ஆக வேண்டுமென்றால் தினமும் அதே நேரத்தில் அதே இடத்தில் அடிப்பது, எதிரில் இருப்பவன் ஒதுங்கிக்கொள்ள வசதியாக. யாரும் ஒப்பந்தம் போடவில்லை. நீ அடித்தால் நான் அடிப்பேன், நீ சும்மா இருந்தால் நானும் இருப்பேன், அவ்வளவே. மேலதிகாரிகள் இதைக் கண்டுபிடித்து, ராத்திரியில் எதிரிக் குழிக்குள் பாய்ந்து தாக்கும்படி உத்தரவு போட்டார்கள். அங்கே போய் ஆளைக் கொன்றானா இல்லையா என்று கணக்குப் பார்க்கலாம், நடிக்க முடியாது. அதன் பிறகு அந்த மௌன ஏற்பாடு உடைந்தது. 1915 கிறிஸ்துமஸுக்கு முன்பே கண்டிப்பான உத்தரவும் போய்விட்டது. கைகுலுக்கல் கதை புகழ் பெற்றது, சாப்பாட்டு நேரக் கதைக்கு அவ்வளவு புகழ் இல்லை. எனக்கென்னவோ இரண்டாவதுதான் பெரிய செய்தி.

இனி ஊர் மக்கள் பக்கம். அவர்களுக்குப் பதக்கம் இல்லை, படைப்பிரிவு நாட்குறிப்பு இல்லை, வருடாவருடம் கூடிப் பழைய கதை பேசும் சங்கமும் இல்லை. அதனால் அவர்கள் கதை எளிதில் தொலைகிறது. தொலையாமல் வந்தவற்றில் மிகச் சிறியது ரஷ்யாவின் லெனின்கிராடில் சிறுமி தான்யா சாவிச்சேவா எழுதிய ஒன்பது தாள்கள். 1941 செப்டம்பரில் ஜெர்மன் படை அந்த நகரத்தை வளைத்தது, முற்றுகை 872 நாட்கள் நீடித்தது. அந்தக் குளிர்காலத்தின் மோசமான வாரங்களில் உழைப்பாளி அல்லாதவருக்கும் குழந்தைக்கும் ஒரு நாளைக்கு 125 கிராம் ரொட்டி. தான்யாவின் கையில் அக்கா நீனாவின் நோட்டு இருந்தது. அதில் அகர வரிசைப்படி எழுத்துக் குறித்த பக்கங்கள் வெறுமையாகக் கிடந்தன. வீட்டில் யார் செத்தாலும் அவர் பெயரின் எழுத்துள்ள பக்கத்தில் பெயர், தேதி, நேரம் எழுதினாள். ஒரு அக்கா, பாட்டி, அண்ணன், இரண்டு பெரியப்பா சித்தப்பாக்கள், 1942 மே 13 காலை அம்மா. கடைசித் தாள்களில், சாவிச்சேவ் குடும்பம் செத்துவிட்டது, எல்லோரும் செத்துவிட்டார்கள், தான்யா மட்டும் மிச்சம் என்று எழுதினாள்.

இதில் வழுவழுப்பு எதுவும் இல்லை. சம்பவம் நடந்த காலத்திலேயே எழுதியது, எழுதியவள் பக்கத்திலேயே இருந்தவள், யாரையும் சிரிக்கவோ அழவோ வைக்க எழுதியதல்ல. சாட்சியம் என்றால் இதற்கு மேல் கேட்க முடியாது. ஆனாலும் கடைசித் தாள் சொல்வது முழுக்கச் சரியில்லை. 1942 குளிர்காலத்தில் ஒரு நாள் வேலைக்குப் போன நீனா, அங்கிருந்தே அவசரமாக உறைந்த ஏரியைத் தாண்டி வெளியே கொண்டுபோகப்பட்டாள். வீட்டுக்குச் சொல்ல வழியில்லை, கடிதமும் போகவில்லை. செத்துப்போனாள் என்று நினைத்துத்தான் அம்மா அவள் நினைவாக அந்த நோட்டைத் தான்யாவிடம் கொடுத்தாள். முற்றுகைக்கு வெளியே மாட்டிக்கொண்ட இன்னொரு அண்ணனும் பிழைத்திருந்தான். தான்யாவை நகரத்திலிருந்து மீட்டுக் கொண்டுபோனார்கள், ஆனால் உடம்பு தேறவில்லை. இருவரும் உயிரோடு இருப்பது தெரியாமலே 1944 ஜூலையில் அவள் இறந்தாள். லெனின்கிராடுக்குத் திரும்பி வந்த நீனா, உறவினர் வீட்டில் ஒரு பெட்டிக்குள் தன் பழைய நோட்டைக் கண்டெடுத்தாள்.